கம்ப்யூட்டர் மேசையில் ஒயர் ஓட்டையைப் பெரிதாக்குவது எப்படி?

புதிய மானிட்டரோ யு.பி.எஸ்.ஸோ வாங்கி வருகிறோம். மேசை மேல் வைத்து, ஒயர்களை ஒவ்வொன்றாகப் பின்பக்க ஓட்டையில் நுழைக்கிறோம். எச்.டி.எம்.ஐ. கேபிள் போய்விடுகிறது. மவுஸ், கீபோர்டு ஒயர்களும் போய்விடுகின்றன. கடைசியில் யு.பி.எஸ்.ஸின் மூன்று பின் பிளக் மட்டும் ஓட்டையின் வாயில் நின்றுகொண்டு உள்ளே போக மறுக்கிறது.

இந்த இடத்தில் பலரும் செய்யும் வேலை இரண்டில் ஒன்று. ஒன்று, ஒயரை மேசையின் விளிம்பு வழியாகத் தொங்க விடுகிறார்கள். கால் தட்டினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். இரண்டாவது, பிளக்கை வெட்டி எடுத்து, வெறும் ஒயரை ஓட்டைக்குள் விட்டு, மறுபக்கத்தில் முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். இது மிகவும் ஆபத்தானது. ஓட்டையைப் பெரிதாக்க ஒரு மணி நேரம் கூட ஆகாது. ஆனால் ஏற்கெனவே உள்ள ஓட்டையைப் பெரிதாக்குவது, புதிதாக ஓட்டை போடுவதைப் போல் எளிதல்ல. அதில் ஒரு சிறு சூட்சுமம் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நான் இருப்பது காரியாபட்டி. மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே உள்ள தாலுகா தலைநகர். வீடுகளிலும், ஜெராக்ஸ் மற்றும் ஆன்லைன் விண்ணப்பக் கடைகளிலும் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் வேலை. பெரிய கண்ணாடிக் குழாய் மானிட்டர் இருந்த காலத்தில் வாங்கிய மேசைகள் இங்கே இன்னும் நிறையப் பயன்பாட்டில் இருக்கின்றன. மேசை நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டை மட்டும்தான் சிறியது. அதற்காகப் புது மேசை வாங்க வேண்டியதில்லை.

ஒயரை ஏன் வெட்டக் கூடாது?

மின்சாரம் தடையின்றிப் போக வேண்டிய இடத்தில், முறுக்கிய ஒயர் ஒரு தடையாக மாறுகிறது. தடை இருக்கும் இடத்தில் சூடு பிறக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அந்தச் சூடு நான்கு மடங்காகும். 200 வாட் எடுக்கும் கம்ப்யூட்டருக்கு 230 வோல்ட்டில் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகவே தேவை. அதே ஒயரில் லேசர் பிரிண்டரையும் மாட்டினால், அது தாளைச் சூடாக்கும் நேரத்தில் பல நூறு வாட் இழுக்கும். அப்போது முறுக்கிய இடம் வெந்து போகும்.

எங்கள் பக்கத்து வெயில் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஓட்டு வீட்டிலும் தகரக் கூரைக் கடையிலும் கோடையில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி, சுற்று தானாக அவிழும். ஒரு கடையில் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தபோது, டேப் நழுவி, செம்புக் கம்பி வெளியே தெரிய, அதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் கடைக்காரரின் கால் இருந்தது. பச்சை ஒயரான எர்த் இணைக்கப்படாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பிளக்கை வெட்டி ஒட்டும் இடங்களில் பெரும்பாலும் முதலில் கைவிடப்படுவது எர்த்தான். எர்த் இல்லாவிட்டால் சி.பி.யு. பெட்டியைத் தொடும்போது கையில் சுர்ரென்று ஏறும்.

ஆகவே விதி ஒன்றுதான். மின் ஒயரை வெட்டாதீர்கள், மரத்தை வெட்டுங்கள்.

முதலில் மறுமுனையைப் பாருங்கள்

டிரில்லிங் மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன், அந்த ஒயர் உண்மையிலேயே போகாதா என்று பாருங்கள். சி.பி.யு.வுக்கும் மானிட்டருக்கும் வரும் பவர் கார்டை இரு பக்கமும் கழற்றலாம். அதில் சி.பி.யு.வில் செருகும் முனை, சுவரில் செருகும் மூன்று பின் பிளக்கைவிடச் சிறியது. பிளக்கைக் கீழே வைத்து, சிறிய முனையைக் கீழிருந்து மேலே விடுங்கள். லேப்டாப் சார்ஜரிலும் அப்படியே, மெல்லிய முனையை முதலில் விட வேண்டும். பாதிப் பேருக்குப் பிரச்சினை இத்துடன் தீர்ந்துவிடும்.

யு.பி.எஸ்.ஸிலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் இந்த வழி எடுபடாது. பல மாடல்களில் ஒயரின் ஒரு முனை பெட்டியோடு நிரந்தரமாக இணைந்திருக்கும். பிளக் முனை மட்டும்தான் ஓட்டைக்குள் போக முடியும். அதற்கு ஓட்டை பெரிதாக வேண்டும்.

எவ்வளவு பெரிது?

பலர் பிளக்கின் அகலத்தை மட்டும் அளக்கிறார்கள். ஓட்டை வட்டம், பிளக் செவ்வகம். வட்டத்துக்குள் செவ்வகம் போக வேண்டுமானால் மூலைக்கு மூலை உள்ள அளவுதான் முக்கியம். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் இங்கே உதவும். 40 மி.மீ. அகலமும் 35 மி.மீ. கனமும் உள்ள பிளக்குக்கு மூலை அளவு 53 மி.மீ. மூலைகள் மழுங்கியிருந்தால் கொஞ்சம் குறையும். எச்.டி.எம்.ஐ. முனையின் பிளாஸ்டிக் பகுதி சுமார் 20க்கு 11 மி.மீ., மூலை அளவு 23 மி.மீ. பழைய வி.ஜி.ஏ. முனைக்குச் சுமார் 38 மி.மீ. தேவைப்படும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும் என்பதால் உங்கள் பிளக்கை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

கணக்கு வேண்டாம் என்றால், பழைய அட்டைப் பெட்டியில் காம்பஸால் ஒரு வட்டம் வரைந்து வெட்டி, பிளக்கை அதில் நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போனால் அதுதான் அளவு.

இன்னொரு விஷயம். ஹார்டுவேர் கடைகளில் ஒயர் மேனேஜர் என்ற பெயரில் பிளாஸ்டிக் வளையமும் மூடியும் கிடைக்கும். 50, 60, 80 மி.மீ. ஓட்டைகளுக்கு ஏற்றவை உண்டு. முதலில் இதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் அளவுக்கே ஓட்டை போடுங்கள். வளையத்தின் உள்அளவு ஓட்டையைவிடச் சில மி.மீ. குறையும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டுக்கு 60 மி.மீ. போதும். 35 மி.மீ. ஓட்டையை 60 மி.மீ. ஆக்கினால் திறப்பின் பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது.

பழைய ஓட்டை ஏன் பெரும்பாலும் 35 மி.மீ. ஆக இருக்கிறது என்று கேட்கலாம். அலமாரிக் கதவுகளுக்குப் போடும் ஆட்டோ ஹிஞ்ச் என்ற கீலுக்கு 35 மி.மீ. குழி வேண்டும். அதற்கான பிட் எல்லா ஆசாரிகளிடமும் இருக்கும். கையில் இருக்கும் பிட்டாலேயே ஒயர் ஓட்டையையும் போட்டுவிடுகிறார்கள்.

பெரிய பிட்டைப் போட்டால் என்ன?

இதுதான் சூட்சுமம். காம்பஸால் வட்டம் வரைய அதன் முள்ளை ஒரு புள்ளியில் ஊன்ற வேண்டும். முள் ஊன்ற இடம் இல்லாவிட்டால் காம்பஸ் வழுக்கிக்கொண்டே போகும். மரத்தில் பெரிய ஓட்டை போடும் கருவிகளும் அப்படித்தான். ஹோல் சா என்ற வட்ட ரம்பத்தின் நடுவே ஒரு சிறிய பிட் நீட்டிக்கொண்டிருக்கும். மண்வெட்டி போல் தட்டையாக இருக்கும் பிட்டுக்கும் நடுவில் கூர் முனை உண்டு. அந்த நடு முனை முதலில் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வெளிவட்டம் அதைச் சுற்றி ஒழுங்காக அறுக்கும்.

ஏற்கெனவே ஓட்டை உள்ள இடத்தில் நடுவே மரமே இல்லை. நடு முனை காற்றில் சுற்றும். மெஷினை அழுத்தியதும் ரம்பப் பல் ஏதோ ஒரு பக்கம் கடித்து, கையை முறுக்கிவிட்டு, மேசை மேல் கோடு கோடாகக் கீறிக்கொண்டு ஓடும். மேலே ஒட்டியுள்ள மைக்கா சில்லு சில்லாகப் பெயரும். மணிக்கட்டு சுளுக்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

ஆகவே நாம் செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. தொலைந்து போன நடுப்புள்ளியைத் திருப்பித் தர வேண்டும். அல்லது நடுப்புள்ளியே தேவைப்படாத வழியில் வெட்ட வேண்டும். கீழே வரும் நான்கு முறைகளும் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

வேலைக்கு முன் கவனிக்க வேண்டியவை

1. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, எல்லா ஒயர்களையும் கழற்றி, வேறு அறைக்குக் கொண்டு போய்விடுங்கள். துணியால் மூடி வைத்தால் போதாது. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பலகைகளின் தூள் மாவு போல் நுண்மையானது. சி.பி.யு. மின்விசிறி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

2. மேசையின் அடிப்பக்கம் பாருங்கள். டிராயர் சட்டம், கீபோர்டு தட்டு ஓடும் இரும்புச் சேனல், ஸ்க்ரூ ஆகியவை புது வட்டத்துக்குள் வரக் கூடாது.

3. மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். தோளில் துண்டு, துப்பட்டா, தொங்கும் வளையல் எதுவும் வேண்டாம். கையுறையும் வேண்டாம், சுற்றும் பிட்டில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

4. டிரில்லிங் மெஷினில் சுவருக்குப் பயன்படும் ஹேமர் நிலை இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஹோல் சா பயன்படுத்தும்போது வேகத்தைக் குறைத்து வையுங்கள். பக்கக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடியுங்கள்.

5. வெட்டப் போகும் இடத்தில் மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் கோடு போடுங்கள். கோடும் தெளிவாகத் தெரியும், மைக்காவும் குறைவாகப் பெயரும்.

புது வட்டத்தைக் குறிப்பது

ஓட்டையின் குறுக்கே, அதன் நடு வழியாக, ஒரு நேர்கோடு போட்டு இரு பக்கமும் மேசை மேல் நீட்டிவிடுங்கள். அதற்குச் செங்குத்தாக இன்னொரு கோடு. கூட்டல் குறி போல் வரும். ஓட்டைக்குள் கோடு போட முடியாது என்றாலும், வெளியே நீண்டிருக்கும் நான்கு முனைகளும் பிறகு நடுப்புள்ளியைக் காட்டிக்கொடுக்கும்.

புது வட்டத்தின் நடுவும் பழைய ஓட்டையின் நடுவும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பழைய ஓட்டை முழுவதும் புது வட்டத்துக்குள் அடங்கினால் போதும். பழைய ஓட்டை மேசையின் பின்விளிம்புக்கு மிக அருகில் இருந்தால், புது நடுப்புள்ளியை உங்கள் பக்கமாகச் சில மி.மீ. தள்ளிக் குறியுங்கள். விளிம்பில் பலகை ஒல்லியாகிவிட்டால் பின்னால் உடைந்துவிடும்.

முறை 1: அரத்தால் ராவுவது

ஓட்டை நான்கைந்து மி.மீ. பெரிதானால் போதும் என்றால் மெஷினே வேண்டாம். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் இருக்கும் மர அரம் ஒன்று போதும். வளைந்த பக்கத்தை ஓட்டையின் சுவரில் வைத்து, மேலிருந்து கீழே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். இழுக்கும்போது அழுத்தினால் மேல் மைக்கா பெயரும். ஒரே இடத்தில் தேய்க்காமல் சுற்றி வாருங்கள். கடைசியில் உப்புத்தாளை ஒரு மரக்குச்சியில் சுற்றித் தேய்த்தால் வழவழப்பாகிவிடும்.

வட்டம் அவ்வளவு துல்லியமாக வராது. வளையம் போட்டால் அது மறைந்துவிடும். இரும்பு அரத்தால் முயல வேண்டாம், அதன் பற்களில் மரத்தூள் அடைத்துக்கொண்டு வேலை நகராது.

முறை 2: ஓட்டையை அடைத்துப் புதிதாகப் போடுவது

60 மி.மீ. போன்ற பெரிய ஓட்டைக்கு இதுவே நம்பகமான முறை. ஓட்டைக்குள் மீண்டும் மரத்தை வைத்து, ஹோல் சாவின் நடு பிட்டுக்குப் பிடிமானம் தருகிறோம்.

அடைப்பதற்கான வில்லையை ஹோல் சாவாலேயே செய்துகொள்ளலாம். ஹோல் சா மேல் எழுதியிருக்கும் அளவு அது போடும் ஓட்டையின் அளவு. உள்ளே சிக்கி வரும் மர வில்லை அதைவிடச் சில மி.மீ. சிறியது. எனவே 35 மி.மீ. ஓட்டையை அடைக்க, அதற்கு ஓர் அளவு பெரிய ஹோல் சாவால் மேசைப் பலகையின் கனமே உள்ள துண்டுப் பலகையில் ஒரு வில்லை வெட்டுங்கள். கொஞ்சம் தளர்வாக இருந்தால் சுற்றிலும் மாஸ்கிங் டேப் சுற்றுங்கள். பெரிதாக இருந்தால் உப்புத்தாளில் தேயுங்கள். சுத்தியால் லேசாகத் தட்டினால்தான் உள்ளே போக வேண்டும், அந்த இறுக்கம் அவசியம்.

வில்லையின் நடுவே நடு பிட் போட்ட ஓட்டை ஏற்கெனவே இருக்கும். பழைய நடுப்புள்ளியிலேயே வெட்டப் போகிறீர்கள் என்றால் அதுவே வழிகாட்டும். நடுப்புள்ளியைத் தள்ளிக் குறித்திருந்தால் நடுவில் ஓட்டை இல்லாத வில்லை வேண்டும். மரக்கட்டையைக் கையால் வட்டமாகச் செதுக்கியும் செய்துகொள்ளலாம்.

வில்லை சுற்றினால் வேலை கெடும். அதனால் மேசைக்கு அடியில் ஒரு துண்டுப் பலகையை வைத்து, சி கிளாம்ப் கொண்டு இறுக்கிப் பிடியுங்கள். அடியிலிருந்து ஒரு ஸ்க்ரூவை, நடுவை விட்டு விலக்கி, வில்லைக்குள் ஏற்றிவிட்டால் அது அசையாது. ஸ்க்ரூ மேலே வரை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் துண்டுப் பலகையால் இன்னொரு நன்மையும் உண்டு. ரம்பம் அடிப்பக்கம் வெளியே வரும்போது அங்கே மரம் பிய்ந்து போகாது.

இனி கூட்டல் குறியின் நான்கு முனைகளையும் வில்லை மேல் ஸ்கேலால் இணையுங்கள். கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஆணியால் ஒரு புள்ளி குத்துங்கள். நடு பிட்டை அதில் வைத்து, மெஷினை நேராக நிறுத்தி, மெதுவாகத் தொடங்குங்கள். மூன்று நான்கு மி.மீ. அறுத்ததும் வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். தூள் அடைத்தால் ரம்பம் சூடாகி மரம் கருகும், புகை வரும். இப்படி விட்டு விட்டு அறுத்தால் 18 மி.மீ. பலகை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பழைய ஓட்டையும் வில்லையும் சேர்ந்து ஒரே வட்டமாக வெளியே வரும்.

முறை 3: மேலே வழிகாட்டிப் பலகை

வில்லை செய்ய வழியில்லை என்றால் இது. 12 மி.மீ. அல்லது அதைவிடக் கனமான பிளைவுட் துண்டு ஒன்றை எடுத்து, அதில் 60 மி.மீ. ஹோல் சாவால் ஓட்டை போடுங்கள். இதில் ஏற்கெனவே ஓட்டை இல்லாததால் சிரமம் இல்லை. இந்தத் துண்டை மேசை மேல், பழைய ஓட்டை நடுவில் வருமாறு வைத்து, கூட்டல் குறியோடு பொருத்தி, இரண்டு கிளாம்ப் போட்டு அசையாமல் இறுக்குங்கள்.

இப்போது ஹோல் சாவை அந்த பிளைவுட் ஓட்டைக்குள் இறக்கி வைத்த பிறகு மெஷினை ஆன் செய்யுங்கள். நடு பிட் காற்றில் சுற்றினாலும் கவலை இல்லை. வெளியே உள்ள பிளைவுட் சுவர் ரம்பத்தை நகர விடாமல் பிடித்துக்கொள்ளும். முள் இல்லாத காம்பஸுக்குப் பதில், வளையலை வைத்து அதைச் சுற்றி வட்டம் போடுவது மாதிரிதான். ஒரே மாதிரி நான்கைந்து மேசைகள் உள்ள கடைக்கு இந்த முறை மிகவும் வசதி. ஒரு வழிகாட்டியை எல்லா மேசைக்கும் பயன்படுத்தலாம்.

முறை 4: ஹோல் சா இல்லாதவர்களுக்கு

ஜிக்சா மெஷின் இருந்தால் வேலை சுலபம். பழைய ஓட்டை இருப்பது இங்கே தொல்லை அல்ல, உதவி. பிளேடை அதற்குள் விட்டு, குறித்த வட்டம் வரை சாய்வாக அறுத்துப் போய், பிறகு வட்டக் கோட்டின் மேல் சுற்றி வந்துவிடலாம். சாதாரண ஜிக்சா பிளேடின் பற்கள் மேல்நோக்கி அறுப்பவை. அதனால் மேல் மைக்கா பெயரும். மேசையைக் கவிழ்த்துப் போட்டு அடியிலிருந்து அறுப்பது நல்லது.

ஜிக்சாவும் இல்லை என்றால் ஹேக்சா பிளேடு ஒன்று போதும். சட்டத்திலிருந்து பிளேடை மட்டும் கழற்றி, ஒரு முனையில் துணியைத் தடிப்பாகச் சுற்றிக் கைப்பிடி ஆக்கி, ஓட்டைக்குள் விட்டு அறுக்கலாம். நேரம் பிடிக்கும். வட்டத்தை ஒட்டியே அறுக்காமல் ஒரு மி.மீ. உள்ளே தள்ளி அறுத்து, மீதியை அரத்தால் ராவுங்கள்.

வீட்டில் ஒரு சிறிய டிரில்லும் 6 மி.மீ. பிட்டும் மட்டும்தான் என்றால், புது வட்டத்துக்குச் சற்று உள்ளே, சங்கிலி போல வரிசையாக 6 மி.மீ. துளைகளைப் போட்டு வாருங்கள். இடையில் உள்ள மெல்லிய மரத்தை உளியால் தட்டி எடுத்து, அரத்தால் சமன் செய்யுங்கள். மெஷின்கள் வருவதற்கு முன் ஆசாரிமார் துரப்பணமும் உளியும் வைத்து இப்படித்தான் பெரிய துளைகளைக் குடைந்தார்கள்.

ஆசாரிகள் ரவுட்டர் என்று ஒரு மெஷினைச் சொல்வார்கள். நம் வீட்டில் இணையம் தரும் ரவுட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வேகமாகச் சுற்றும் பிட்டால் மரத்தின் ஓரத்தைச் சீவும் மெஷின் இது. பேரிங் உருளை மாட்டிய பிட் போட்டால், அந்த உருளை பழைய ஓட்டையின் சுவரை ஒட்டியே ஓடி, சுற்றிலும் ஒரே அளவு அகலப்படுத்தும். உங்கள் ஆசாரியிடம் இது இருந்தால் மேசையை அவரிடமே கொடுத்துவிடலாம்.

மரம் எதுவென்று பாருங்கள்

கடையில் வாங்கும் கம்ப்யூட்டர் மேசை பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்தது. அறுக்க எளிது, ஆனால் ஓரம் உதிரும், தண்ணீர் பட்டால் ஊதிவிடும். பிளைவுட் இதைவிட உறுதி. அடிப்பக்கம் மட்டும் நார் நாராகப் பிய்யும்.

எங்கள் பக்கத்து வீடுகளில் வேப்ப மரத்தில் செய்த பழைய மேசைகளைக் கம்ப்யூட்டர் மேசை ஆக்கியிருப்பார்கள். சில இடங்களில் கருவேல மரமும் உண்டு. கலப்பைக்கும் வண்டிக்கும் பயன்பட்ட மரம் அது, காய்ந்த பிறகு இரும்பு மாதிரி நிற்கும். இதில் ஹோல் சாவை அவசரமாக அழுத்தினால் பற்கள் மழுங்கிவிடும். வேகம் குறைத்து, அடிக்கடி நிறுத்தி, ஆறவிட்டு அறுங்கள். வெயிலில் காய்ந்த பழைய பலகையில் ஓட்டையிலிருந்து விரிசல் ஓடியிருந்தால், பெரிதாக்கும் முன் விரிசலுக்குள் பெவிகால் விட்டுக் கிளாம்ப் போட்டு ஒரு நாள் காயவிடுங்கள்.

ஜன்னல் சட்டத்தில் உள்ள சிறிய ஓட்டை

இணைய கேபிள் வரும் ஜன்னல் சட்டத்திலும் இதே பிரச்சினை வரும். முன்பு டெலிபோன் ஒயருக்காகப் போட்ட 6 மி.மீ. ஓட்டையில் லேன் கேபிளின் முனை போகாது, அது சுமார் 12 மி.மீ. அகலம். லேன் கேபிளை வெட்டிப் புது முனை மாட்டிக்கொள்ளலாம், அதில் மின் ஆபத்து இல்லை. ஆனால் இப்போது வரும் ஃபைபர் கேபிளை வீட்டில் வெட்டி ஒட்ட முடியாது. அதற்கென்று தனி மெஷின் வேண்டும். அங்கேயும் ஓட்டையைத்தான் பெரிதாக்க வேண்டும்.

சிறிய ஓட்டைக்குச் சாதாரண முறுக்கு பிட்டே போதும். ஆனால் 6லிருந்து ஒரேயடியாக 14க்குத் தாவாமல் 8, 10, 12 என்று படிப்படியாகப் போங்கள். ஒவ்வொரு பிட்டையும் ஓட்டையின் வாயில் வைத்து, முதலில் மெஷினைத் தலைகீழ்ச் சுழற்சியில் சில விநாடி ஓட்டுங்கள். அப்போது பிட் மரத்தைக் கடிக்காமல், வாயைச் சுற்றிச் சரிவாக ஓர் இருக்கை செய்துகொள்ளும். பிறகு நேர்ச் சுழற்சியில் போனால் நடு விலகாது. பழைய ஒயர் உள்ளே இருந்தால் உருவி எடுத்த பிறகே தொடங்குங்கள். ஃபைபர் கேபிளைக் கூர்மையாக மடிக்காமல் வளைவாக விடுங்கள். வெளியே வரும் இடத்தில் ஒயர் சற்றுக் கீழே தொங்கி மேலேறினால் மழைத் தண்ணீர் அதன் வழியே உள்ளே வராது.

வேலை முடிந்த பிறகு

ஓட்டையின் உள்சுவரை உப்புத்தாளால் தேயுங்கள். மைக்காவின் கூர்மையான ஓரம் ஒயரின் மேலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும், அதை மழுக்கிவிடுங்கள். பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் உள்சுவரில் பெவிகாலைத் தண்ணீரில் லேசாகக் கலந்து இரண்டு முறை பூசிக் காயவிடுங்கள். தேநீர் சிந்தினால் பலகை அவ்வளவு எளிதில் ஊதாது.

பிறகு ஒயர் மேனேஜர் வளையத்தை அழுத்தி மாட்டுங்கள். மூடியை விட்டுவிடாதீர்கள். 60 மி.மீ. ஓட்டை வழியாக ஒயர் மட்டுமா போகும்? பல்லியும் கரப்பானும் மேலே ஏறும், பேனாவும் பென் டிரைவும் கீழே விழும்.

ஒயர்களை நுழைக்கும்போது மிகப் பெரிய பிளக்கை முதலில் விடுங்கள். மற்ற ஒயர்கள் இடத்தை அடைத்த பிறகு அது போவது கடினம். எல்லாம் போன பின் ஓட்டையில் பாதி காலியாக இருந்தால் நல்லது. அடுத்து வாங்கும் பிரிண்டருக்கோ ஸ்பீக்கருக்கோ இடம் வேண்டும். மின் ஒயர்களுக்குக் காற்றும் வேண்டும்.

தரையையும் மேசையையும் ஈரத் துணியால் துடைத்து, தூள் முழுவதும் அடங்கிய பிறகே கம்ப்யூட்டரைத் திரும்பக் கொண்டு வாருங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் யு.பி.எஸ்.ஸில் மாட்டாமல் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.

ஏற்கெனவே முறுக்கி டேப் சுற்றிய ஒயர் உங்கள் மேசைக்கு அடியில் இருந்தால், ஓட்டையைப் பெரிதாக்கிய அன்றே அதையும் மாற்றிவிடுங்கள். கழற்றக் கூடிய பவர் கார்டு என்றால் புதியது வாங்கிக்கொள்ளலாம். யு.பி.எஸ். ஒயர் என்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, எர்த்தோடு சேர்த்து முழு ஒயரையும் மாற்றச் சொல்லுங்கள்.